பருவத் தொடக்கத்தில் ஓர் ஐந்து கிலோமீட்டர்

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைநிறுத்தமின்றி அடுத்தடுத்து முடிக்க வேண்டிய டிரையத்லான் விளையாட்டு, 1974-இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் சிறு போட்டியாகத் தொடங்கி, 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. 2019-இல் கோவாவில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. மிதிவண்டி, 21.1 கி.மீ. ஓட்டம் கொண்ட அயர்ன்மேன் 70.3 போட்டி நடந்த பிறகு, வேலைக்குச் சென்றுகொண்டே பயிற்சி செய்யும் இந்தியர்கள் பலரின் கனவாகவும் அது மாறியது. இத்தகையவர்களுக்குப் பயிற்சியில் இடைவெளி விழுவது இயல்பு. காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி செல்லும் சாலையில் உள்ள கோட்டுச்சேரி போன்ற கடலோர ஊர்களில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கடலையும் சாலையையும் ஒருசேரப் பறித்துக்கொள்வதால், அந்த இடைவெளி ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வருகிறது. தை பிறந்து வானம் வெளுத்ததும் உடல் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய, 5 கி.மீ. ஓட்டப் போட்டி ஒன்றில் முழு வேகத்தில் ஓடிப் பார்ப்பதே மிகச் சிக்கனமான சோதனை.

இவ்வளவு குறுகிய தூரம் எதை அளக்கிறது என்பதற்கான விடை, இங்கிலாந்தின் உடலியலாளர் ஏ.வி. ஹில்லும் ஹார்ட்லி லப்டனும் 1923-இல் வெளியிட்ட ஆய்வில் உள்ளது. ஓடுபவரின் வேகம் கூடக்கூட அவர் நுகரும் ஆக்சிஜனும் கூடிக்கொண்டே சென்று, ஒரு கட்டத்துக்குப் பிறகு உயராமல் நின்றுவிடுவதை அவர்கள் சுட்டிக்காட்டினர். ஹில் தாமே ஓடி, அச்சோதனைகளுக்கு உட்பட்டவர். அந்த எல்லைக்கு உச்ச ஆக்சிஜன் நுகர்வு என்று பெயர். ரத்தத்தில் லாக்டேட் என்னும் வேதிப்பொருள் உடல் அகற்றும் வேகத்தைவிட விரைவாகச் சேரத் தொடங்கும் உழைப்பளவு லாக்டேட் வாசல் எனப்படுகிறது. 5 கி.மீ. ஓட்டம் இந்த வாசலைத் தாண்டி, உச்ச நுகர்வை ஒட்டிய அளவிலேயே ஓடி முடிக்கப்படுவதால், ஆய்வகமும் முகமூடியும் இல்லாமலேயே இதயமும் நுரையீரலும் ரத்தமும் சேர்ந்து எவ்வளவு ஆக்சிஜனைத் தசைக்குக் கொண்டு சேர்க்கின்றன என்பதை அது ஓரளவு காட்டிவிடுகிறது.

அந்தத் திறன் எவ்வளவு விரைவாகக் கரைகிறது என்பதை எட்வர்ட் காயிலும் அவருடைய குழுவினரும் 1984-இல் அளந்து காட்டினர். நீண்டகாலம் பயின்றவர்கள் பயிற்சியை முற்றிலும் நிறுத்தியபோது, அவர்களது உச்ச ஆக்சிஜன் நுகர்வு முதல் 21 நாட்களில் 7 விழுக்காடும், 56 நாட்களில் 16 விழுக்காடும் சரிந்தது. முதற்கட்டச் சரிவுக்குப் பெருங்காரணம், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறைந்து, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தம் சுருங்கிவிடுவதே. தசைக்குள் உருவான நுண்குழாய்கள் அவ்வளவு எளிதில் மறைவதில்லை. எனவே தை மாதத்து ஓட்டத்தில் பழைய நேரம் கிடைக்காதவர் சோர்வடையத் தேவையில்லை. இழந்தவற்றில் முதலில் போனதே முதலில் திரும்புவதும்.

டிரையத்லான் வீரருக்கு மட்டுமே உரிய சிக்கல் ஒன்று இங்கே கவனத்துக்குரியது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் நிறுத்திவைத்த மிதிவண்டியை மிதித்தும், குளத்தில் நீந்தியும் இதயத்தைக் காத்துக்கொண்டவர்கூட, கால்களைக் காத்துக்கொண்டார் என்று சொல்ல இயலாது. ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை தரையிலிருந்து திரும்பி வருகிறது. அந்த அடியை நீரும் மிதிவண்டியும் பழக்குவதில்லை. இதயம் தயாராகவும் குதிகால் நாண் தயாராகாமலும் இருக்கும் இந்த வாரங்களிலேயே காயங்கள் நேர்கின்றன என்பதால், சோதனைக்கு 10 கி.மீ. போட்டியைவிட 5 கி.மீ. போட்டியைத் தேர்வதே அறிவுடைமை.

கடிகாரம் காட்டும் நேரத்தை அப்படியே உடற்தகுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு, புதுக்கோட்டை மாவட்ட வீரர் ஜி. லட்சுமணனின் 2017-ஆம் ஆண்டு போதிய சான்று. அவர் ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியின் 5,000 மீட்டரில் 14 நிமிடம் 54 விநாடியில் தங்கம் வென்று, மறுமாதமே லண்டன் உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் அதே தூரத்தை 13 நிமிடம் 35 விநாடியில் கடந்தார். ஒரே மாதத்தில் ஒருவரது உடல் அவ்வளவு மாறிவிடாது. பதக்கத்துக்காகத் தந்திரமாக ஓடும் ஓட்டமும், புழுக்கமும், உடன் ஓடுவோரின் வேகமும் சேர்ந்தே அந்த வேறுபாட்டை உண்டாக்கின.

புழுக்கம் காரைக்கால் கரைக்குப் புதிதன்று. ஓடும்போது தசை செலவிடும் ஆற்றலில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிப்படுகிறது. ஒரு கிராம் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கையில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாவதால், தோலைக் குளிர்விக்க இதயம் கூடுதல் ரத்தத்தை அங்கே அனுப்ப, தசையின் பங்கு குறைகிறது. வெப்பத்தில் தொடர்ந்து 10 முதல் 14 நாட்கள் பயின்றால் பிளாஸ்மா பெருகி, வியர்வையும் முன்னதாகச் சுரக்கத் தொடங்கும். ஆகவே தை மாதத்து விடியற்காலை நேரத்தைச் சித்திரையின் நேரத்தோடு நேருக்கு நேர் ஒப்பிடுவது, பயிற்சியின் பயனையே மறைத்துவிடும்.

தூரத்தை அளப்பதிலும் கவனம் தேவை. சாலை ஓட்டப் பாதைகளை முறைப்படி அளப்பவர்கள் மிதிவண்டிச் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணும் கருவியைக் கொண்டு அளந்து, பாதை குறைந்துவிடாதிருக்க ஆயிரத்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்கின்றனர், 5 கி.மீ.க்கு அது 5 மீட்டர். கைக்கடிகாரத்தின் செயற்கைக்கோள் அளவீடு அவ்வளவு நம்பகமானதன்று. 25 நிமிடத்தில் ஓடுபவருக்கு ஒரு விழுக்காடு என்பதே 15 விநாடி என்பதால், சில விநாடி முன்னேற்றத்தைப் பயிற்சியின் வெற்றியாக எண்ணுவது அவசரம்.

குறுகிய தூர நேரத்திலிருந்து நெடிய தூர நேரத்தைக் கணிக்க, அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரீகல் ஒரு சூத்திரத்தைத் தந்தார்: தூரங்களின் விகிதத்தை 1.06 என்னும் அடுக்குக்கு உயர்த்தி, முந்தைய நேரத்தோடு பெருக்க வேண்டும். 25 நிமிடத்தில் 5 கி.மீ. ஓடியவர் 10 கி.மீ.யை ஏறத்தாழ 52 நிமிடத்தில் ஓடலாம் என்று அது கூறும். ஆனால் 40 கி.மீ. மிதித்து இறங்கியவரின் தொடைத் தசையில் சேமிப்புச் சர்க்கரையான கிளைக்கோஜன் குறைந்தும், காலடி வைப்பின் ஒழுங்கு சற்றே குலைந்தும் இருக்கும் என்பதை அச்சூத்திரம் அறியாது. அதனால், போட்டி முடிந்த இரண்டொரு வாரத்தில், கோட்டுச்சேரியின் மேடு பள்ளமற்ற சாலையில் 20 கி.மீ. மிதிவண்டி ஓட்டிவிட்டு, அதே விடியற்பொழுதில் அதே 5 கி.மீ.யை மீண்டும் ஓடிப் பார்த்தால், இரு நேரங்களுக்கும் இடையிலான வித்தியாசம் டிரையத்லான் வீரருக்கு மற்றெந்த எண்ணையும்விடப் பயன்படும்.