குடசப்பாலைப் பட்டை: மருத்துவப் பயன்பாடும் பெயர் மயக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

கழிச்சல் நோய்களுக்கு இந்திய மருத்துவ மரபுகள் கையாளும் பட்டைகளுள் குடசப்பாலைப் பட்டை முதன்மையானது. தமிழில் ‘வெட்பாலை’ என்னும் பெயர் இத்தாவரத்திற்கும் வேறொரு தாவரத்திற்கும் பொதுவாக வழங்குகிறது. இதனால் நூல் குறிப்பிடும் மருந்தும் கைக்கு வரும் பட்டையும் வேறுபட இடமுண்டு. பட்டையின் மரபுப் பயன், வேதியியல், நவீன ஆய்வு ஆகியவற்றை விளக்கி, பெயர்த்தெளிவின் தேவையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: குடசப்பாலை, வெட்பாலை, கொனெசின், சீதபேதி, தாவரப் பெயராய்வு

முன்னுரை

மூலிகை பற்றிய தமிழ் நூல்களைப் பதிப்பிப்போரும் பொருள் விளக்குவோரும் எதிர்கொள்ளும் சிக்கல்களுள் ஒன்று, ஒரே பெயர் பல தாவரங்களைச் சுட்டுவதாகும். இலக்கிய உரையில் இது பொருள் வேறுபாடாக மட்டும் நின்றுவிடலாம். மருத்துவத்திலோ நோயாளியின் நலனைப் பாதிக்கும். குடசப்பாலை இதற்குத் தக்க சான்றாகும்.

பெயரும் தாவரமும்

குடசப்பாலையின் தாவரவியல் பெயர் ஹோலரீனா பூபெசென்ஸ். இது அப்போசினேசியே குடும்பத்தைச் சார்ந்த, புதராகவோ சிறுமரமாகவோ இலையுதிர் காடுகளில் வளரும் தாவரம். வடமொழியில் இது ‘குடஜம்’ எனப்படும். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் ‘குடசம்’ இடம்பெறுகிறது. உரை வழக்கில் அதற்கு வெட்பாலைப் பூ எனப் பொருள் கொள்ளப்படுகிறது. ஆனால் இன்றைய தாவரவியல் நூல்களில் வெட்பாலை என்பது பெரும்பாலும் அதே குடும்பத்தைச் சார்ந்த ரைட்டியா டிங்டோரியாவையே குறிக்கிறது. இரண்டையும் பிரித்தறியக் குடசப்பாலையைக் ‘கசப்பு வெட்பாலை’ என வழங்குவதும் உண்டு.

அறிவியல் பெயரும் இம்மயக்கத்திற்கு விலக்கன்று. லின்னேயஸ் 1753இல் சீதபேதியைப் போக்குவது என்னும் பொருள்பட இட்ட ‘ஆன்டிடிசென்டெரிக்கம்’ என்ற அடைமொழி, இன்று இலங்கைக்கே உரிய ரைட்டியா இனமொன்றிற்கு உரியதாகிறது. எனினும் குடசப்பாலை நெடுங்காலம் ‘ஹோலரீனா ஆன்டிடிசென்டெரிக்கா’ என்றே மருந்து நூல்களில் குறிக்கப்பட்டது.

மரபுவழிப் பயன்பாடு

கைப்புச் சுவை மிக்க இப்பட்டை, கழிச்சல், சீதபேதி, குருதி மூலம் ஆகியவற்றிற்குக் குடிநீராகவும் சூரணமாகவும் கொடுக்கப்பட்டு வருகிறது. சரக சம்ஹிதை குடஜத்தை மூலநோய்க்கும் அதிசாரத்திற்கும் பயன்படுத்துகிறது. ஆயுர்வேதத்தின் குடஜாரிஷ்டம் இப்பட்டையை முதன்மைச் சரக்காகக் கொண்டது. விதையும் மருந்தாகிறது, அது வடமொழியில் ‘இந்திரயவம்’ எனவும் தமிழில் ‘வெட்பாலை அரிசி’ எனவும் வழங்கும். இப்பெயரிலும் முற்கூறிய மயக்கம் தொடர்வதைக் காணலாம்.

வேதியியலும் நவீன ஆய்வும்

பட்டையின் முதன்மை ஆல்கலாய்டு கொனெசின் (C₂₄H₄₀N₂). ஸ்டீராய்டு அமைப்புடைய இதனை 1858இல் ஹெயின்ஸ் பிரித்தெடுத்தார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆர்.என்.சோப்ரா உள்ளிட்டோர் ‘குர்ச்சி’ என்ற பெயரில் இப்பட்டையை ஆராய்ந்தனர். அமீபாவால் உண்டாகும் சீதபேதிக்கு இதன் ஆல்கலாய்டுகள் மருந்தாகக் கொடுக்கப்பட்டன. எனினும் தூய கொனெசின் பெற்ற நோயாளிகளிடம் தலைச்சுற்றல், உறக்கமின்மை, மனக்கலக்கம் ஆகிய விளைவுகள் காணப்பட்டன. 1960களில் மெட்ரோனிடசோல் பயன்பாட்டிற்கு வந்தபின் இம்மருந்து பின்னடைந்தது. 2008இல் வெளியான ஆய்வொன்று, கொனெசின் ஹிஸ்டமின் எச்3 ஏற்பிகளைத் தடுப்பதையும், மூளைக்குள் எளிதில் ஊடுருவி நெடுநேரம் தங்குவதையும் காட்டியது.

‘சீதபேதி’ என்னும் சொல் அமீபாவால் வருவதையும் ஷிகெல்லா போன்ற பாக்டீரியாவால் வருவதையும் ஒருங்கே குறிப்பதையும் இங்குக் கருத வேண்டும். ஒன்றில் கிடைத்த பயனை மற்றொன்றிற்கு ஏற்றிச் சொல்லுதல் பொருந்தாது. கடும் கழிச்சலில் உடல் இழக்கும் நீரையும் உப்புகளையும் ஈடுசெய்வதற்குப் பட்டைக் குடிநீர் மாற்றாகாது.

இரு பாலைகளின் வேறுபாடு

ரைட்டியா டிங்டோரியாவும் மருத்துவப் பயனுடையதே. அதன் இலையிலிருந்து செய்யப்படும் தைலம் சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படைக்குப் பூசப்படுகிறது. ஆயின் அதன் பட்டை குடசப்பாலைப் பட்டைக்கு ஈடாகாது. அதில் லூப்பியால், பீட்டா சிட்டோஸ்டெரால் முதலிய பொருள்கள் கண்டறியப்பட்டுள்ளன. குடசப்பாலைக்கு மருத்துவ மதிப்பளிக்கும் கொனெசின் வகை ஆல்கலாய்டுகளின் வளம் அதற்கில்லை. இரண்டும் பாலுடையவை, இரண்டின் மலரும் வெண்மையானவை. இவற்றைப் பின்வருமாறு பிரித்தறியலாம்:

1. ரைட்டியா மலரின் நடுவே இழைகளாகப் பிளந்த துணையல்லி வட்டம் உண்டு. குடசப்பாலை மலரில் அது இல்லை.
2. ரைட்டியாவின் இணைக்காய்கள் இளமையில் நுனியில் ஒட்டியிருக்கும். குடசப்பாலையின் இணைக்காய்கள் நுனி பிரிந்தே தொங்கும்.
3. ரைட்டியாவின் இலை நீலச் சாயம் தரும். ‘டிங்டோரியா’ என்ற அடைமொழியும் சாயத்தைக் குறிப்பதே.
4. குடசப்பாலைப் பட்டையின் கைப்பு மிகுதி; ரைட்டியா பட்டையில் அது குறைவு.

உலர்ந்த பட்டைத் துண்டில் மலரும் காயும் இரா. சுவை மட்டும் போதிய சான்றாகாது. எனவே நுண்ணோக்கி ஆய்வும், கொனெசினைக் கண்டறியும் மென்படல வண்ணப்பகுப்பும் தேவையாகின்றன.

முடிவுரை

குடசப்பாலைப் பட்டை குறித்த மரபறிவு, வேதியியல் அடிப்படையும் வரம்பும் உடையது என்பதை நவீன ஆய்வுகள் காட்டுகின்றன. அவ்வறிவு பயன்தர, நூலில் உள்ள பெயர் எத்தாவரத்தைச் சுட்டுகிறது என்பது முதலில் உறுதியாதல் வேண்டும். மருத்துவச் சுவடிகளின் பதிப்பிலும் அகராதியிலும் ‘வெட்பாலை’ என்னும் சொல்லுக்கு நேராக ஒரே தாவரவியல் பெயரை இடுவதைத் தவிர்த்து, சுவை, உறுப்பு, தீர்க்கும் நோய் ஆகிய அகச்சான்றுகளைக் கொண்டு இடந்தோறும் பொருள் துணிதல் முறையாகும். இப்பணிக்குத் தமிழாய்வாளரும் தாவரவியலாளரும் இணைந்து செயற்படுதல் இன்றியமையாதது.