யூரியா கனிமத்தைப் பிடித்ததா?

சம்மாந்துறை வட்டைகளில் பசளை எறிகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்: யூரியா எறிந்த அன்று பெருமழை வந்தால் பாதிக் காசு வக்கடையால் ஓடிவிட்டது என்பார்கள். 46 வீதம் நைதரசன் கொண்ட பசளைதான். ஆனால் தண்ணீரைக் கண்டதும் கரைந்துவிடும். பயிர் உறிஞ்சியது போக மிச்சம் காற்றிலும் வடிகாலிலும் போகும்.

ஹோமாகமவிலுள்ள இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனத்தில் நில்வலா கொத்தேகொட உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி தேடினார்கள். நமது எலும்பிலும் பல்லிலும் உள்ள கல்சியம் பொஸ்பேற்றுக் கனிமத்தை நனோத் துணிக்கைகளாக்கி, அவற்றின் மேல் யூரியாவை ஏற்றினார்கள். ஆறு பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு கனிமம். ஆய்வு 2017இல் வெளியானது.

யூரியா கனிமத்தைப் பிடித்திருக்கிறதா, சும்மா கலந்து கிடக்கிறதா? கண்ணுக்கு இரண்டும் வெள்ளைத் தூள்தான். இங்கேதான் அகச்சிவப்பு நிறமாலைமானி உதவுகிறது. மூலக்கூறில் அணுக்களைச் சேர்க்கும் பிணைப்புகள் ஓயாமல் அதிர்கின்றன. ஒவ்வொன்றும் தன் அதிர்வெண்ணுக்கு ஒத்த அகச்சிவப்பு ஒளியை மட்டும் உறிஞ்சும். யூரியாவின் நைதரசன்–ஐதரசன் பிணைப்புக்கு ஓரிடம், காபன்–ஒட்சிசன் பிணைப்புக்கு வேறோரிடம் என்று வரைபில் பட்டைகள் விழும். வெறும் கலவையென்றால் யூரியாவின் வரைபும் கனிமத்தின் வரைபும் மாறாமல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். யூரியாவின் ஐதரசன் கனிமப் பரப்பின் ஒட்சிசனைப் பற்றினால் நைதரசன்–ஐதரசன் பட்டை நகரும், அகலும். றபான் தோலில் ஒரு விரலை வைத்தால் ஓசை மாறுவதுபோலத்தான். அந்த நகர்வே பிணைப்புக்குச் சாட்சி. முழுப் பசளையிலும் பரப்பைத் தொடும் மூலக்கூறுகளே இந்த நகர்வைக் காட்டும்.

ஒரு சிக்கலும் உண்டு. தண்ணீரே அகச்சிவப்பை விழுங்கிவிடும் என்பதால் மாதிரியைப் பெரும்பாலும் உலர்த்தியே பார்க்கிறார்கள். நனைந்த மாதிரிக்கு, 1928இல் கொல்கத்தாவில் சி. வி. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கண்டறிந்த ஒளிச்சிதறலைக் கொண்டு பார்ப்பது கூடுதல் தோது. தண்ணீர் அதில் அவ்வளவாகக் குறுக்கிடாது.

ஹோமாகம ஆய்வில் பிடிப்பின் பலன் தண்ணீரில் தெரிந்தது. தனி யூரியாவைவிட ஏறத்தாழ 12 மடங்கு மெதுவாகவே நைதரசன் வெளியேறியது. இலங்கை நெல்வயல் சோதனையில் யூரியாவைப் பாதியாகக் குறைத்தும் விளைச்சல் குறையவில்லை. ஆனாலும் சோதனை வயல் வேறு, பெரும்போக மழையில் நிற்கும் நம் வயல் வேறு. நாளை ‘நனோ’ என்று அச்சிட்ட பை கடைக்கு வந்தால் விலையை மட்டும் கேட்காதீர்கள். யூரியா கனிமத்தைப் பிடித்திருக்கிறது என்பதற்கு வரைபு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.