செஸ் போர்டுக்கு வெளியே ஆனந்த்!

‘கேம்பஸ் இன்டர்வியூ வருது. கிரிக்கெட், கிடார், கதைப் புத்தகம் எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பரண்ல போடு!’ - ஃபைனல் இயர் வந்தாலே வீட்டில் கேட்கிற டயலாக்தான் இது. ஜெயிக்கணும்னா ஒரே விஷயத்தைத்தான் கட்டிக்கிட்டு அழணுமா? ஐந்து முறை உலக செஸ் சாம்பியனான விஸ்வநாதன் ஆனந்த் வாழ்க்கையைப் புரட்டினால், பதில் வேற மாதிரி இருக்கு பாஸ்!

அம்மாதான் முதல் கோச்

1969-ல் மயிலாடுதுறையில் பிறந்த ஆனந்துக்கு, ஆறு வயதில் செஸ் சொல்லிக்கொடுத்தவர் அம்மா சுசீலா. ரயில்வே அதிகாரியான அப்பாவின் பணிக்காகக் குடும்பம் கொஞ்ச காலம் மணிலாவில் இருந்தது. அங்கே டி.வி-யில் மதியம் ஒரு செஸ் நிகழ்ச்சி. ஆனால், அந்த நேரம் பையன் ஸ்கூலில் இருப்பானே! அம்மா அன்றைய புதிரை எழுதி வைப்பார். சாயங்காலம் ரெண்டு பேரும் உட்கார்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு, ஒரு புத்தகம். ஆனந்த் ஜெயித்துக்கொண்டே இருக்க, ‘பிடிச்ச புத்தகத்தை எல்லாம் எடுத்துக்கோ தம்பி. இனிமே விடை மட்டும் அனுப்பாதே’ என்கிற அளவுக்கு நிகழ்ச்சிக்காரர்களே நொந்துபோனார்களாம்!

லயோலாவில் பி.காம்., 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் என்று வளர்ந்த கதை ஊருக்கே தெரியும். தெரியாத ஆனந்த் வேறு.

எரிமலையும் சினிமாவும்

2010 ஏப்ரல். பல்கேரியாவின் சோஃபியா நகரில் டோபலோவுடன் உலக சாம்பியன் போட்டி. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பாவில் விமானங்கள் ரத்து. ஆனந்த் மாட்டிக்கொண்டது ஜெர்மனியில். டென்ஷனில் நகம் கடிக்காமல், வேன் பிடித்துக் கிளம்பிவிட்டார். சுமார் 40 மணி நேரப் பயணம். வழியில் பார்த்தது ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்கள்! முதல் ஆட்டத்தில் தோற்றாலும், கடைசி ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு ஜெயித்துப் பட்டத்தைத் தக்கவைத்தார்.

வானத்திலும் ஒரு விஷி

ஆனந்தின் இன்னொரு காதல், வானியல். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றும் 4538 என்ற சிறுகோளுக்கு, 2015-ல் ‘விஷிஆனந்த்’ என்றே பெயர் வைத்தார்கள். பெயர் கிடைத்ததற்குக் காரணம் செஸ். ஆனால், நட்சத்திரம் பார்க்கிறவருக்கே வானத்தில் இடம் கிடைத்தால் அந்தச் சந்தோஷமே தனி இல்லையா!

தோல்விக்கு அப்புறம்?

2013 நவம்பரில் சொந்த ஊரான சென்னையிலேயே 22 வயது கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். அப்போது ஆனந்துக்கு 43 வயது. ‘ரிட்டயர் ஆகலாமே’ என்ற குரல்கள் கிளம்பின. அவர் பதிலே சொல்லவில்லை. நாலே மாதத்தில் கேண்டிடேட்ஸ் போட்டியில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் முதலிடம்! 2017-ல், 48 வயதில், உலக ரேபிட் சாம்பியன். அந்தப் போட்டியில் கார்ல்சனையும் ஜெயித்தார். 2020-ல் தொடங்கிய அவருடைய அகாடமியில் பயிற்சி பெற்ற குகேஷ், 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியனானது தனி மகிழ்ச்சி.

செஸ் மட்டும்தான் வாழ்க்கை என்றிருந்தால், பட்டம் போன அன்றைக்கு எல்லாமே போயிருக்கும். ஆனந்துக்குக் குடும்பம் இருந்தது, புத்தகம் இருந்தது, அண்ணாந்து பார்க்க ஒரு வானமும் இருந்தது.

இன்டர்வியூவில் ‘உங்க ஹாபி என்ன?’னு கேட்டா, மனப்பாடம் பண்ணினதை ஒப்பிக்காதீங்க ஃப்ரெண்ட்ஸ். நிஜமாவே ஒண்ணு வெச்சுக்கோங்க. வேலை கிடைக்காத நாளிலும் அது கூடவே இருக்கும்!