சலூனில் கழுத்து 'நெட்டி' எடுக்கிறீர்களா? உஷார்!

முடி வெட்டி முடிந்தது. "கழுத்து கொஞ்சம் பார்க்கட்டுமா சார்?" என்று கேட்பார்கள். நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுப்பீர்கள்.

'மளுக்!'

இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் ஒன்று. "அப்பாடா!" என்று இருக்கும்.

ஆனால், இந்தச் சுகம் சில பேரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டு இருக்கிறது!

பேச்சு குழறியது

2024-ல் கர்நாடக மாநிலம் பல்லாரியில் 30 வயது வாலிபர் ஒருவர் முடி வெட்டப் போனார். தலைக்கு மசாஜ் செய்தவர், கழுத்தைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பினார். வாலிபர் வீட்டுக்கு வந்ததும் பேச்சு குழறியது. இடது பக்கம் பலம் இழந்தது.

டாக்டர்கள் சோதித்தார்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாய் கிழிந்து இருந்தது! சிகிச்சையில் பிழைத்துக்கொண்டார்.

2017-ல் டெல்லி பக்கம் 54 வயதுக்காரர் ஒருவர் மூச்சுவிட முடியாமல் திணறினார். நெட்டி எடுத்ததில், மூச்சை இயக்கும் நரம்பு கெட்டுப்போனது என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

எல்லோருக்கும் இப்படி ஆவது இல்லை. அபூர்வம்தான். ஆனால், ஆகிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

சத்தம் எது?

'மளுக்' என்பது விலகிய எலும்பு சேருகிற சத்தம் அல்ல. மூட்டுக்குள் எண்ணெய் போன்ற திரவம் இருக்கிறது. மூட்டைத் திடீர் என்று இழுத்தால், அதில் காற்றுக் குமிழி உண்டாகிறது. அந்தச் சத்தம்தான் அது!

கழுத்து எலும்புகள் 7. அவற்றின் பக்கத்துத் துளைகள் வழியாக 2 ரத்தக்குழாய்கள் மூளைக்கு ஏறுகின்றன. வெடுக் என்று திருப்பினால் குழாயின் உள்சுவர் கிழியலாம். அங்கே உறைந்த ரத்தம் மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம்.

அரிசி சிப்பம்

சரி, கழுத்து ஏன் வலிக்கிறது?

தலையின் எடை சுமார் 5 கிலோ. நிமிர்ந்து இருந்தால் கழுத்துக்கு அவ்வளவுதான் பாரம். 60 டிகிரி குனிந்தால் பாரம் 27 கிலோ என்று 2014-ல் நியூயார்க் டாக்டர் ஒருவர் கணக்குப் போட்டார்.

கல்லாவில் குனிந்து கணக்குப் பார்ப்பவர், ஆபீசில் பைல் புரட்டுபவர், மின்சார ரெயிலில் செல்போன் பார்ப்பவர் எல்லோருக்கும் இதே கதிதான். 25 கிலோ அரிசி சிப்பத்தைக் கழுத்தில் சுமப்பதுபோல!

9 விதம்

இறுகிய உடம்பைத் தளர்த்த சித்த மருத்துவத்தில் 'தொக்கணம்' உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று 9 விதம்.

எது யாருக்கு, எந்த எண்ணெய் என்பதை நோயைப் பார்த்து வைத்தியர் முடிவு செய்வார். எல்லோருக்கும் ஒரே திருப்பு கிடையாது!

சென்னைவாசிகள் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போகலாம். அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு மருத்துவமனை இருக்கிறது. அலோபதி விரும்புகிறவர்கள், சென்ட்ரல் எதிரே அரசு பொது மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவுக்குப் போகலாம்.

நீங்களே செய்யலாம்

அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு எட்டு நடங்கள். செல்போனைக் கண் மட்டத்துக்குத் தூக்குங்கள். முகவாயைப் பின்னுக்கு இழுத்து, 5 எண்ணும்வரை வைத்து விடுங்கள். வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

கழுத்தைத் திருப்பிய பிறகு தலை சுற்றல், வாந்தி, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம் வந்தால், "வாயு பிடிப்பு" என்று சுக்குக் கஷாயம் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். சில நாள் கழித்து வந்தாலும் அலட்சியம் வேண்டாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். ரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

வருடக் கணக்கில் குனிந்து விழுந்த கூன், ஒரு 'மளுக்'கில் நிமிராது!