ஒரு வாளி, ஒரு சாக்கு

மகாராஷ்டிர மாநிலத்தில் புனே நகரம் இருக்கிறது. அங்கே குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள் 1993ஆம் ஆண்டு சங்கம் அமைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2008ஆம் ஆண்டு மாநகராட்சி அவர்களுடைய கூட்டுறவு அமைப்புடன் ஒப்பந்தம் செய்தது. அதன்படி அவர்கள் வீடு வீடாகச் சென்று குப்பை எடுத்தார்கள். வீட்டுக்காரர்கள் மாதக் கட்டணம் கொடுத்தார்கள். காகிதம், பாட்டில் விற்ற பணமும் அவர்களுக்கே சேர்ந்தது.

குப்பையை ஒன்றாகக் கொட்டினால் என்ன ஆகும்? குழம்பில் ஊறிய காகிதத்தைக் கடைக்காரர் வாங்க மாட்டார். குப்பை எடுப்பவரின் வருமானம் போய்விடும். சோற்றுக்குள் கிடக்கும் பிளேடு அவர் கையைக் கிழிக்கும்.

இதைத் தடுப்பது எளிது. வீட்டில் ஒரு வாளியும் ஒரு சாக்கும் வையுங்கள்.

வாளியில் ஈரக் குப்பை: காய்கறித் தோல், மீந்த சோறு, டீச்சக்கை. இவை மக்கி எருவாகும்.

சாக்கில் உலர்ந்த குப்பை: காகிதம், அட்டை, பாட்டில், டப்பா. பால் கவரைக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். நாற்றம் இருக்காது. ஈயும் வராது.

பிளேடு, ஊசி, உடைந்த கண்ணாடி ஆகியவற்றை எதிலும் போடாதீர்கள். தடித்த காகிதத்தில் சுற்றிக் கட்டுங்கள். "இதில் பிளேடு இருக்கிறது" என்று சொல்லித் தனியே கொடுங்கள்.

வேலை அதிகம், நேரம் இல்லை என்கிறீர்களா? போடும்போதே பிரித்துப் போட்டால் தனியாக நேரம் வேண்டாம். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். எந்த ஊரிலும் இதைச் செய்யலாம். வீடு சுத்தமாகும். குப்பை எடுப்பவரின் கையும் காயப்படாது.