எண்கள் சொல்லும் ஆட்டம்

பினாங்குத் தீவின் மேற்கே, மலைத்தொடருக்கு அப்பால் அமைந்திருக்கும் ஊர் பாலிக் புலாவ். 'தீவின் பின்புறம்' என்பது அதன் மலாய்ப் பெயரின் பொருள். டுரியான் தோட்டங்களும் ஜாதிக்காய் மரங்களும் சூழ்ந்த அவ்வூரின் திடல் ஒன்றில், வார இறுதிகளில் ஓய்வுநேர மென்பந்துத் தொடர் நடைபெறுவதாக வைத்துக்கொள்வோம். ஆட்டக்காரர்கள் யாரும் தொழில்முறை விளையாட்டாளர்கள் அல்லர். கடைக்காரர், ஆசிரியர், தொழிற்சாலை ஊழியர், கல்லூரி மாணவர் எனப் பலரும் சேர்ந்து ஆடுகின்றனர். திடலின் ஓரத்தில் ஒருவர் மட்டும் விளையாடாமல் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்திருக்கிறார். அவர்தாம் ஆட்டப் பதிவாளர்.

பத்து ஆட்டங்கள் முடிந்துவிட்டன. இறுதி ஆட்டத்திற்கு ஒன்பது பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'அ' என்னும் ஆட்டக்காரரை எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அவர் அடித்த பந்து ஒருமுறை திடலைத் தாண்டிச் சென்றது. 'ஆ' என்பவரோ அமைதியானவர். அவர் பெரிதாக அடித்ததாக யாருக்கும் நினைவில்லை. ஆகவே அவரை உட்கார வைத்துவிடலாம் என்று அணியினர் எண்ணுகின்றனர். அந்த முடிவு சரியா? விடை பதிவாளரின் தாளில் இருக்கிறது.

ஆட்டம் பிறந்த கதை

மென்பந்து எனப்படும் சாஃப்ட்பால் ஆட்டம் 1887-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தது. அங்குள்ள படகுக் கழகம் ஒன்றில், ஹார்வர்ட், யேல் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான காற்பந்து ஆட்டத்தின் முடிவை அறியப் பலர் காத்திருந்தனர். முடிவு தெரிந்ததும் மகிழ்ச்சியில் ஒருவர் குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிய, மற்றொருவர் அதைக் கோலால் அடித்தார். இதைக் கண்ட ஜார்ஜ் ஹான்காக் என்பவர் கையுறையைப் பந்துபோல் கட்டி, தரையில் கோடுகள் வரைந்து, அதையே ஓர் ஆட்டமாக்கினார். அன்றைய ஆட்டம் 41-40 என முடிந்தது என்பர். விளையாட்டாகத் தொடங்கிய முதல் நாளிலேயே கணக்கும் உடன் பிறந்துவிட்டது!

பேஸ்பால் ஆட்டத்தின் உறவான மென்பந்து, பின்னர் உலகெங்கும் பரவியது. 1996 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் மகளிர் போட்டியாக இடம்பெற்றது. 2021-இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கிலும் மீண்டும் ஆடப்பட்டது.

இந்த ஆட்டத்தின் அடிப்படை எளியது. பந்தெறிபவர் கையைக் கீழிருந்து சுழற்றிப் பந்தை எறிவார். மட்டையாளர் அதை அடித்துவிட்டு முதல் தளத்தை நோக்கி ஓடுவார். நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம் கிடைக்கும். மூவர் ஆட்டமிழந்தால் அணியின் ஓர் இன்னிங்ஸ் முடிவுறும். வழக்கமாக ஓர் ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸ்கள் உண்டு. அப்படியென்றால், ஓர் அணி ஓர் ஆட்டத்தில் 21 முறை மட்டுமே ஆட்டமிழக்கலாம். இந்த 21 என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சராசரியும் அதன் குறையும்

இத்தகைய ஆட்டங்களைக் கட்டம் கட்டமாகப் பதிந்து வைக்கும் முறையை வளர்த்தவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவில் குடியேறிய இவர், கிரிக்கெட்டை நன்கு அறிந்த செய்தியாளர். 1859-ஆம் ஆண்டிலேயே பேஸ்பால் ஆட்டத்தின் விவரங்களைச் சிறிய அட்டவணையாகத் தொகுத்து வெளியிட்டார். ஆட்டத்தைக் காணாதவரும் அந்த அட்டவணையைப் படித்து, யார் எவ்வாறு ஆடினார் என்பதை அறிய முடிந்தது.

மட்டையாளரை அளக்க நெடுங்காலமாகப் பயன்படும் எண் மட்டையடிச் சராசரி ஆகும். பந்தை அடித்துப் பாதுகாப்பாகத் தளம் சேர்ந்த எண்ணிக்கையை, அடி வாய்ப்புகளின் எண்ணிக்கையால் வகுத்தால் இது கிடைக்கும்.

'அ' பெற்ற அடி வாய்ப்புகள் 40. அவற்றுள் 14 முறை அடித்துத் தளம் சேர்ந்தார். அவருடைய சராசரி 0.350. 'ஆ' பெற்ற அடி வாய்ப்புகள் 30. அவற்றுள் 9 முறை அடித்துத் தளம் சேர்ந்தார். அவருடைய சராசரி 0.300. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் 'அ'வே சிறந்தவர்.

ஆனால், மட்டையாளர் முதல் தளத்தை அடைய இன்னொரு வழியும் உண்டு. பந்தெறிபவர் நான்கு முறை பந்தைச் சரியான எல்லைக்கு வெளியே எறிந்து, மட்டையாளரும் அவற்றை அடிக்காமல் விட்டுவிட்டால், மட்டையாளர் நடந்தே முதல் தளத்தை அடையலாம். இதனை 'நடை' என்று குறிப்பிடலாம். நடையைச் சாட்விக் மட்டையாளரின் திறமையாகக் கருதவில்லை; பந்தெறிபவரின் தவறு என்றே கருதினார். ஆகவே நடை, அடி வாய்ப்பாகவும் கணக்கிடப்படுவதில்லை, அடியாகவும் கணக்கிடப்படுவதில்லை. சராசரியின் கண்ணுக்கு அது நிகழாத ஒன்று.

வியப்பு என்னவென்றால், மென்பந்து பிறந்த அதே 1887-இல் அமெரிக்கப் பேஸ்பால் தொடர்களில் நடையையும் அடியாகவே எண்ணினர். மட்டையாளர்களின் சராசரிகள் திடீரென உயர்ந்தன. மறு ஆண்டே அந்த முறை கைவிடப்பட்டது. ஆட்டம் மாறவில்லை, ஆட்டக்காரர்களின் திறமையும் மாறவில்லை. எண்ணும் விதி மட்டுமே மாறியது. ஓர் எண்ணைக் கேட்டவுடன், 'இதில் எது சேர்க்கப்பட்டது, எது விடப்பட்டது?' என்று வினவ வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

மறைந்திருந்த உழைப்பு

இப்போது பதிவாளரின் தாளை மீண்டும் பார்ப்போம். 'அ' பெற்ற நடை ஒன்றே ஒன்று. 'ஆ' பெற்ற நடைகள் 11. இருவரும் 41 முறை மட்டை பிடித்துள்ளனர். 'அ' 15 முறை தளம் சேர்ந்தார். 'ஆ' 20 முறை தளம் சேர்ந்தார். இதைத் தளம் சேர் விகிதம் என்பர். 'அ'வின் விகிதம் 0.366, 'ஆ'வின் விகிதம் 0.488.

இதையே மறுபுறமாகவும் நோக்கலாம். 'அ' தம் அணியின் 26 ஆட்டமிழப்புகளுக்குக் காரணமானார். 'ஆ' 21-க்கு மட்டுமே காரணமானார். ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் கிடைப்பதே 21 என்னும்போது, 'ஆ' சேமித்துத் தந்த ஐந்து வாய்ப்புகள் சிறியவை அல்ல. நல்ல பந்தையும் தவறான பந்தையும் பிரித்தறிந்து பொறுமை காப்பதும் ஒரு திறமையே. அந்தத் திறமைக்குக் கைத்தட்டல் எழுவதில்லை. அதனால் நினைவிலும் தங்குவதில்லை.

இந்த உண்மையைப் பலருக்கும் உணர்த்தியவர்களுள் பில் ஜேம்ஸ் முக்கியமானவர். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், உணவைத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவர் இரவுக் காவலராகப் பணியாற்றினார். ஓய்வு கிடைத்த நேரமெல்லாம் பேஸ்பால் கணக்குகளை ஆராய்ந்தார். 1977-இல் தம் ஆய்வைத் தாமே நூலாக வெளியிட்டார். அதன் முதல் பதிப்பு ஏறத்தாழ 75 படிகளே விற்றது. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை, ஆண்டுதோறும் எழுதினார். தளம் சேர் விகிதம் 1984-இல் அமெரிக்கப் பெருந்தொடரின் அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரமானது. 2002-இல் ஓக்லாண்ட் அத்லெட்டிக்ஸ் அணி, மற்றவர்கள் கவனிக்கத் தவறிய இத்தகைய ஆட்டக்காரர்களைக் குறைந்த செலவில் சேர்த்து, தொடர்ந்து 20 ஆட்டங்களில் வென்றது. அப்பருவத்தில் அதன் மொத்த வெற்றிகள் 103. அப்பருவத்திற்குப் பின் பாஸ்டன் அணி ஜேம்ஸைத் தன் ஆலோசகராக அமர்த்தியது. 1918-க்குப் பிறகு வாகை சூடாத அந்த அணி, 2004-இல் வாகை சூடியது.

ஓர் எண் போதாது

அப்படியானால் 'அ' திறமை குறைந்தவரா? இல்லை. அவர் அடித்த 14 அடிகளில் 10 அடிகள் ஒரு தளத்திற்கும், மூன்று அடிகள் இரண்டு தளங்களுக்கும், ஓர் அடி நான்கு தளங்களுக்கும் உரியவை. ஆக மொத்தம் 20 தளங்கள். இதை 40 அடி வாய்ப்புகளால் வகுத்தால் 0.500 கிடைக்கும். 'ஆ'வின் ஒன்பது அடிகளும் ஒரு தள அடிகளே. அவருடைய விகிதம் 0.300. எனவே வலிமையில் 'அ' முந்துகிறார். பொறுமையில் 'ஆ' முந்துகிறார். முதலில் 'ஆ' மட்டை பிடித்துத் தளம் சேர்ந்தால், பின்னால் வரும் 'அ' வலுவாக அடித்து அவரை ஓட்டம் எடுக்க வைக்கலாம். 'யார் சிறந்தவர்?' என்னும் கேள்வியைவிட, 'யாருக்கு எந்த இடம்?' என்னும் கேள்வியே அணிக்குப் பயன் தருகிறது.

பந்தெறிபவருக்கும் இத்தகைய கணக்கு உண்டு. ஏழு இன்னிங்ஸ்களுக்கு அவர் சராசரியாக எத்தனை ஓட்டங்களை விட்டுக்கொடுத்தார் என்று பார்ப்பர். 28 இன்னிங்ஸ்களில் 12 ஓட்டங்கள் என்றால், அவருடைய சராசரி 3.00 ஆகும். தம் அணியினரின் தடுப்புப் பிழையால் கிடைத்த ஓட்டங்கள் இதில் சேர்வதில்லை. பிறர் செய்த பிழையைப் பந்தெறிபவர்மீது சுமத்தக் கூடாது என்னும் நீதி இந்தக் கணக்குக்குள்ளேயே அமைந்திருக்கிறது.

ஆனால், எது பிழை, எது நல்ல அடி என்று முடிவு செய்பவர் பதிவாளரே. ஓய்வுநேரத் தொடரில் அவர் பெரும்பாலும் ஆட்டக்காரர் ஒருவரின் நண்பராகவோ உறவினராகவோ இருப்பார். நண்பரின் கையிலிருந்து நழுவிய பந்தைப் பிழை என்று எழுதக் கை தயங்கலாம். அவ்வாறு ஒருமுறை மாற்றி எழுதினால், மட்டையாளரின் சராசரியும் பந்தெறிபவரின் சராசரியும் பொய்யாகிவிடும். வகுத்தல் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், பதிந்த எண் நேர்மையாக இல்லையென்றால் பயனில்லை.

தடுப்பாளரை அளப்பது இன்னும் கடினம். 40 வாய்ப்புகளில் இரண்டு பிழை செய்தவரின் தடுப்பு விகிதம் 0.950. ஆனால் மெதுவாக ஓடுபவர் தொலைவில் விழும் பந்தை எட்டுவதே இல்லை. தொடாத பந்து பிழையாகப் பதிவாவதும் இல்லை. வேகமாக ஓடி, பந்தைத் தொட்டு நழுவவிட்டவருக்கோ பிழை பதிவாகிறது. முயன்றவர் தண்டிக்கப்படுவதுபோலத் தோன்றும் இந்த இடத்தில், எண்ணோடு கண்ணும் தேவைப்படுகிறது.

அணியின் கணக்கு

அணிகளை வெற்றி தோல்வியால் மட்டும் அளப்பதும் போதுமானதன்று. பத்து ஆட்டங்களில் ஆறில் வென்ற அணி, எடுத்த ஓட்டங்கள் 72, கொடுத்த ஓட்டங்கள் 70 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் வென்ற மற்றோர் அணி, 80 ஓட்டங்கள் எடுத்து 58 ஓட்டங்களே கொடுத்திருக்கிறது. முதல் அணி பெற்ற வெற்றிகளுள் சில மயிரிழையில் கிடைத்தவை என்பதை ஓட்ட வேறுபாடு காட்டுகிறது. அடுத்த பருவத்தில் இரண்டாம் அணியே முன்னேறும் வாய்ப்பு அதிகம்.

அதே வேளையில், சில ஆட்டங்களின் எண்களைக்கொண்டு அவசர முடிவுக்கு வருவதும் தவறு. எட்டு வாய்ப்புகளில் நான்கு முறை அடித்தவரின் சராசரி 0.500. அறுபது வாய்ப்புகளில் 24 முறை அடித்தவரின் சராசரி 0.400. முதலாமவரின் எண் பெரியது. இரண்டாமவரின் எண் உறுதியானது. பாலிக் புலாவ் டுரியான் தோட்டக்காரர் ஒரு பருவத்து விளைச்சலை மட்டும் கண்டு மரத்தை மதிப்பிடுவதில்லை. மழை, வெயில், பூ உதிர்வு யாவும் மாறுவதால் பல பருவங்களைப் பார்த்தே முடிவு செய்வார். ஆட்டக்காரரையும் அவ்வாறே அளக்க வேண்டும்.

மிகச் சிறந்த எண்ணும் வெற்றியை உறுதி செய்வதில்லை. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அமெரிக்க மென்பந்து வீராங்கனை லீசா ஃபெர்னாண்டஸ், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் 25 பேரை 'ஸ்ட்ரைக் அவுட்' முறையில் வெளியேற்றினார். அது ஒலிம்பிக் சாதனை. ஆனால் அந்த ஆட்டத்தில் அவருடைய அணி தோற்றது. இருப்பினும் அவர்கள் மனம் தளராமல் ஆடி, அந்த ஒலிம்பிக்கிலேயே தங்கம் வென்றனர்.

பதிவு தரும் மதிப்பு

பொழுதுபோக்காக ஆடும் தொடருக்கு இத்தனை கணக்குகள் தேவையா என்று கேட்கலாம். பிறரை ஏளனம் செய்யவோ, பலவீனமானவரை ஒதுக்கவோ எண்களைப் பயன்படுத்தினால் அவை தேவையில்லை. ஆனால், சென்ற மாதத்தைவிட இந்த மாதம் தாம் முன்னேறியிருக்கிறோமா என்று ஓர் ஆட்டக்காரர் அறிய அவை உதவும். நண்பர் என்பதற்காக ஒருவரைச் சேர்ப்பதையும், அமைதியானவர் என்பதற்காக இன்னொருவரை மறப்பதையும் அவை தடுக்கும்.

பாலிக் புலாவ் திடலில் அணியினர் பதிவாளரின் தாளைச் சுற்றி நின்று பார்க்கின்றனர். உட்கார வைக்கப்படவிருந்த 'ஆ'வின் பெயர் இறுதி ஆட்டப் பட்டியலில் முதலாவதாக எழுதப்படுகிறது. 'அ'வின் பெயர் நான்காவது இடத்தில் இருக்கிறது. இறுதி ஆட்டத்தில் அவர்கள் வெல்லலாம்; தோற்கவும் செய்யலாம். ஆனால் ஒருவரின் உழைப்பு யாருடைய நினைவிலும் தங்காதபோதும், நேர்மையாக எழுதப்பட்ட ஒரு தாளில் அது தங்கியிருந்தது.