ஈதலும் ஏற்றலும்

எருசலேம் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டியில் ஏழைக் கைம்பெண் ஒருத்தி இட்ட இரண்டு காசுகளை, செல்வர் இட்ட யாவற்றினும் பெரிதென மதித்தார் இயேசு பெருமான். கொடையை அன்பினால் அளப்பதே கிறிஸ்தவ மரபு.

எனினும், கொடுப்பதினும் ஏற்பது அரிது. ஏற்பவர் தாழ்ந்தவர் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. சிறையிலிருந்த பவுல் அடிகளாரோ, பிலிப்பி நகரச் சபையார் எப்பாப்பிரோதீத்து வழியே அனுப்பிய உதவியை மகிழ்ந்து ஏற்றார். அதனை இறைவனுக்கு உகந்த பலியாகவே கருதி மடல் வரைந்தார்.

இவ்வுறவின் அருமையை உலகறியச் செய்த தமிழர் ஒருவர் உண்டு. அவர் 1874-ல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. 1903-ல் இந்திய மிஷனெரி சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவராகிய அவர், 1909-ல் தெலுங்கு மக்களிடையே பணியாற்றத் தோர்ணக்கல் சென்றார். 1910-ல் எடின்பரோ மாநாட்டில் பேசுகையில், மேனாட்டார் இந்தியருக்கு அளித்த பொருளையும் உழைப்பையும் போற்றினார். அவற்றோடு நட்பையும் தருக என வேண்டினார். உடனமர்ந்து உண்ண இடந்தராத கொடை, பெறுபவரைத் தொலைவிலேயே நிறுத்திவிடும் அன்றோ? 1912-ல் அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

பிற மொழியாளரிடையே வாழும் நாமும் கிறிஸ்து பிறப்புத் திருநாளில் அண்டை வீட்டாருக்குப் பலகாரத் தட்டு அனுப்புகிறோம். அத்துடன் அமையாது, அவர்தம் திருநாளில் அவர் இல்லம் சென்று, அவர் அளிப்பதை முகமலர்ந்து ஏற்று, உடனிருந்து உண்போமாக. அப்போதே நம் கொடை நட்பாகக் கனியும்.